மூச்சுக்கு ஒரு நோட்டு

இரவு இரண்டு மணி. வெளியே நல்ல மழை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். பத்து வயதுச் சிறுமி மட்டும் மெத்தையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருக்கிறாள். அவளுடைய தோள்கள் ஏறி இறங்குகின்றன. நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வருகிறது.

பாட்டி விழித்துக்கொள்கிறார்.

"என்னம்மா, மறுபடியும் இழுக்குதா?"

சிறுமி தலையை ஆட்டுகிறாள். பேச முடியவில்லை.

பாட்டி விளக்கைப் போடுகிறார். அப்பாவை எழுப்புகிறார். மழையில் ஆட்டோ தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மறுநாள் சிறுமி பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் படிப்பு போயிற்று. ஒரு நாள் கூலியும் போயிற்று.

இது ஒரு கற்பனைக் குடும்பம். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு. இந்தக் குடும்பம் போர்ட் கொச்சியில் 'வெளி' என்று அழைக்கப்படும் பகுதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெரிய சலவைத்துறை இருக்கிறது. 'தோபிகானா' என்று அதைச் சொல்வார்கள். பல தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர்கள் அங்கே துணி வெளுக்கிறார்கள். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள். கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறார்கள். சிறுமியின் அப்பாவுக்கும் அதுதான் தொழில்.

மருந்து கொடுத்தால் மூச்சு சரியாகிறது. சில நாளில் மறுபடியும் இழுக்கிறது. ஏன்? அந்த வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஆஸ்துமா என்றால் என்ன?

தமிழில் இதை இளைப்பு என்றும் மூச்சிரைப்பு என்றும் சொல்வோம். சிலர் 'வீசிங்' என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆஸ்துமா.

நாம் இழுக்கும் காற்று சின்னச் சின்னக் குழாய்கள் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் குழாய்களின் உட்புறம் எப்போதும் கொஞ்சம் வீங்கி இருக்கும். தூசியோ புகையோ பட்டால் வீக்கம் கூடும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உள்ளே சளி சேரும். குழாய் குறுகிவிடும். குறுகிய குழாயில் காற்று போகும்போதுதான் விசில் சத்தம் வருகிறது.

ஆஸ்துமா தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே பாயில் படுத்தாலும் வராது. யாருடைய பாவத்தாலும் வருவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகில் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் 3 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. சரியான மருந்தும் கவனிப்பும் இருந்தால் இந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும்.

ஆஸ்துமாவை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அதை அடக்கி வைக்கலாம். அடக்கி வைத்தால் மற்றவர்களைப் போலவே ஓடலாம், படிக்கலாம், உழைக்கலாம்.

பாட்டி எடுத்த நோட்டு

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அது அறிவிக்கப்பட்டது. வயதானவர்கள்கூட மாலை நேரத்தில் கூடி எழுத்துக் கற்றார்கள். நம் கதையில் வரும் பாட்டியும் அந்த நாளில் எழுத்துக் கற்றவர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் பாட்டியிடம் கேட்டார்:

"எப்பப்ப இழுக்குது? எதைச் செஞ்சா இழுக்குது?"

பாட்டியால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

"ஒரு நோட்டு போடுங்கம்மா. தேதி, நேரம், அன்னைக்கு வீட்டில் என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி எழுதுங்க. அடுத்த தடவை அதைக் கொண்டுவாங்க" என்றார் மருத்துவர்.

பாட்டி பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். இப்படி எழுதினார்:

ஜூன் 4. இரவு 2 மணி. மழை. இழுப்பு வந்தது.
ஜூன் 7. காலை. மெத்தையை உதறினோம். தும்மல், பிறகு இழுப்பு.
ஜூன் 9. மாலை. இஸ்திரிக்குக் கரி மூட்டிய நேரம். இருமல்.
ஜூன் 11. இரவு. கொசுவத்தி வைத்தோம். விடிகாலையில் இழுப்பு.
ஜூன் 13. பள்ளியில் ஓடி விளையாடினாள். ஒன்றும் இல்லை.
ஜூன் 15 முதல் 17 வரை. அத்தை வீட்டில் இருந்தாள். நன்றாகத் தூங்கினாள்.

நோட்டைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன புரிகிறது?

பள்ளியில் இழுக்கவில்லை. அத்தை வீட்டிலும் இழுக்கவில்லை. சொந்த வீட்டில்தான் இழுக்கிறது. மெத்தை, கரிப்புகை, கொசுவத்தி ஆகிய மூன்றும் நோட்டில் அகப்பட்டுவிட்டன.

ஆஸ்துமாவைத் தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குத் தூசி ஆகாது. ஒருவருக்குப் பூனை ஆகாது. ஒருவருக்குச் சளி பிடித்தால் இழுக்கும். ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்கு எது ஆகாதோ அதை விலக்கிப் பயனில்லை. உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

மெத்தையில் இருக்கும் பூச்சி

மெத்தையை உதறினால் ஏன் இழுக்கிறது? அதில் தூசி மட்டும் இல்லை. தூசிப்பூச்சி என்ற மிகச் சிறிய உயிரும் இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழும். அதன் கழிவு மூக்கில் ஏறினால் பலருக்கு இழுப்பு வரும்.

இந்தப் பூச்சிக்கு ஈரக் காற்று பிடிக்கும். கொச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஆகவே தூசிப்பூச்சிக்கு அது நல்ல இடம்.

இதற்கு என்ன செய்வது? சலவைத் தொழிலாளிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்து வெள்ளாவியை நினைத்துப் பாருங்கள். துணியை நீராவியில் வேகவைத்து வெளுப்பார்கள். அந்தச் சூட்டில் எந்தப் பூச்சியும் பிழைக்காது. வீட்டில் வெள்ளாவி வைக்க வேண்டாம். கை பொறுக்காத சூடுள்ள வெந்நீர் போதும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

பழைய பஞ்சு மெத்தையை விட்டுப் பாயில் படுக்கலாம். மெத்தை வேண்டும் என்றால் காற்றுப் புகாத உறை போட்டுத் தைத்துவிடலாம். வெயில் அடிக்கும் நாளில் மெத்தையை வெளியே போடுங்கள். உதறும் வேலையை நோயாளி செய்யக் கூடாது. அப்போது அவர் பக்கத்தில் இருக்கவும் கூடாது.

வீட்டைப் பெருக்கும்போது தூசி மேலே எழும்பும். ஈரத் துணியால் துடைத்தால் எழும்பாது. கட்டிலுக்கு அடியிலும் பரண் மீதும் பழைய சாமான்களைக் குவிக்காதீர்கள்.

ஈரச் சுவர்

மழைக்காலத்தில் சுவரில் கறுப்பாகப் புள்ளி படரும். தோல் பையிலும் செருப்பிலும் சாம்பல் நிறத்தில் பூக்கும். அதுதான் பூஞ்சணம். அதன் துகளும் காற்றில் பறந்து மூச்சுக்குழாயைத் தூண்டும்.

பூஞ்சணத்தைத் துடைத்தால் மட்டும் போதாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓடு உடைந்திருக்கிறதா? குழாய் ஒழுகுகிறதா? முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரின் நெடியே சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும். அந்த வேலையையும் நோயில்லாதவர்தான் செய்ய வேண்டும்.

படுக்கும் அறைக்குள் ஈரத் துணியைக் கொடி கட்டி உலர்த்த வேண்டாம். மழை நாளில் வேறு வழி இல்லை என்றால் நோயாளி தூங்காத அறையில் உலர்த்துங்கள்.

கரப்பான் பூச்சியின் எச்சமும் ஆஸ்துமாவைத் தூண்டும். மிச்சச் சோற்றை மூடி வையுங்கள். இரவே பாத்திரம் கழுவிவிடுங்கள். தீனி கிடைக்காத வீட்டில் கரப்பான் தங்காது.

புகை எங்கிருந்து வருகிறது?

கரி இஸ்திரிப் பெட்டியை மூட்டும் நேரத்தில்தான் புகை அதிகம். கங்கு கனிந்தபின் புகை குறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு அப்போதும் வரும். ஆகவே கரியை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மூட்ட வேண்டும். மூடிய அறையில் கரிப்பெட்டி கூடாது. முடிந்தவர்கள் மின்சாரப் பெட்டிக்கு மாறலாம். விறகு அடுப்புக்கும் இதே விதிதான்.

கொச்சியில் கொசு அதிகம். மாலை ஆனால் பல வீடுகளில் கொசுவத்திச் சுருள் எரியும். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் எவ்வளவு நுண்துகள் வரும் தெரியுமா? 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவு! 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சொல்கிறது. கொசுவுக்குக் கொசுவலைதான் நல்லது. வலையையும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

பீடி, சிகரெட்டின் புகை அடுத்தவர் மூச்சிலும் போகும். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. ஊதுவத்தியும் சாம்பிராணியும் புகைதான். நோட்டைப் பார்த்து, அவற்றாலும் இழுப்பு வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குப்பை எரிப்பதும் கெடுதல். 2023 மார்ச் 2 அன்று கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. மலைபோல் கிடந்த பிளாஸ்டிக் குப்பை பத்து நாளுக்கு மேல் புகைந்தது. நகரையே புகை மூடியது. வெளியே வராதீர்கள், வந்தால் முகக்கவசம் அணியுங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய குப்பை மேடு ஒரு நகரத்தின் மூச்சை அடைத்தது. வீட்டு வாசலில் எரிக்கும் சிறிய குப்பை ஒரு குழந்தையின் மூச்சை அடைக்கப் போதும்.

வேலை செய்யும் இடம்

போர்ட் கொச்சிக்குப் பக்கத்தில் மட்டாஞ்சேரி. அங்கே பஜார் சாலையில் மிளகு, சுக்கு, அரிசிக் கிடங்குகள் வரிசையாக இருந்தன. இன்று பல கிடங்குகள் கடைகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாறிவிட்டன. மிச்சமுள்ளவற்றில் இன்றும் மூட்டை ஏற்றி இறக்குகிறார்கள். சரக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கிறார்கள். அப்போது தூசி பறக்கும்.

மாவு மில்லிலும் மர அறுவை மில்லிலும் பஞ்சாலையிலும் இப்படித்தான். இந்தத் தூசியால் பெரியவர்களுக்குப் புதிதாகவும் ஆஸ்துமா வரலாம்.

இதையும் நோட்டு காட்டிக்கொடுக்கும். வேலை நாளில் இழுக்கிறதா? விடுமுறை நாளில் குறைகிறதா? அப்படியானால் வேலையிடத்தைச் சந்தேகப்பட வேண்டும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று புடையுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது. என்-95 என்ற முகக்கவசம் அதைவிட நல்லது. வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

சாப்பாடும் விளையாட்டும்

"வாழைப்பழம் கொடுக்காதே, தயிர் கொடுக்காதே" என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு இவற்றால் ஆஸ்துமா வருவதில்லை. ஒரு பொருளைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் இழுப்பு வந்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் இல்லாமல் எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தை மெலிந்துபோகும்.

விளையாட்டையும் நிறுத்த வேண்டாம். முதலில் மெதுவாக நடக்கட்டும், பிறகு ஓடட்டும். உடல் எடை அதிகம் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் மூச்சு இலகுவாகும். மூச்சுப் பயிற்சியும் யோகாவும் சிலருக்கு உதவும். ஆனால் அவை மருந்துக்கு மாற்று அல்ல.

இன்ஹேலரைக் கண்டு பயம் வேண்டாம்

"இன்ஹேலர் பிடித்தால் விடவே முடியாது" என்று பலர் பயப்படுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறார்கள். இது தவறு.

இன்ஹேலர் மருந்தை நேராக மூச்சுக்குழாய்க்கே கொண்டுபோகிறது. அதனால் மிகக் கொஞ்சம் மருந்து போதும். சால்பூட்டமால் என்ற மருந்தைப் பாருங்கள். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து, இன்ஹேலரின் ஒரு அழுத்தலில் வரும் மருந்தைப்போல 40 மடங்கு.

இன்ஹேலர் மருந்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று இழுப்பை உடனே தணிப்பது. மற்றொன்று வீக்கத்தைக் குறைத்து இழுப்பு வராமல் தடுப்பது. உடனே தணிக்கும் மருந்தை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் இதை உறுதியாகச் சொல்கின்றன. தடுப்பு மருந்தை மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்னால், நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

சிறு குழந்தைக்கு இன்ஹேலரோடு 'ஸ்பேசர்' என்ற குடுவையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதை வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் பொருந்தும்படி துளையிட்டுப் பயன்படுத்தலாம். இது கடைக் குடுவைக்கு இணையாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-ல் காட்டினார்கள். செய்முறையைச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்ளே குழிகிறது. உதடு நீலமாகிறது. நோயாளி சோர்ந்து மயங்குகிறார். தணிக்கும் மருந்து கொடுத்தும் குறையவில்லை. இவற்றில் எது நடந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். வண்டி வரும்வரை, மருத்துவர் சொல்லியிருக்கும் அளவில் தணிக்கும் மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு

பாட்டி நோட்டை மருத்துவரிடம் காட்டினார். அவர் படித்துப் பார்த்துத் தடுப்பு மருந்து எழுதினார். வீட்டில் பழைய மெத்தை போயிற்று. அதன் இடத்தில் பாய் வந்தது. கொசுவலை வந்தது. அப்பா கரிப்பெட்டியைத் தெருவோரம் எடுத்துப்போய் மூட்டினார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஜூலையில் ஒருமுறை சளி பிடித்து இழுத்தது. வீட்டில் மருந்து இருந்தது. எப்படிக் கொடுப்பது என்று பாட்டி நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரவில் ஆட்டோ தேடி ஓடவில்லை.

ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் பாட்டிக்கு எழுத அதிகம் இல்லை. "நன்றாகத் தூங்கினாள்" என்றுதான் பல நாள் எழுதியிருந்தார்.

நினைவில் கொள்ளுங்கள்

ஆஸ்துமா தொற்றாது. அதை அடக்கி வைக்கலாம்.
எதனால் இழுக்கிறது என்று நோட்டில் எழுதிக் கண்டுபிடியுங்கள்.
படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.
வீட்டுக்குள் புகை வேண்டாம்.
வீட்டைச் சரிசெய்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் புகை எங்கிருந்தெல்லாம் வருகிறது?
உங்கள் தெருவில் குப்பை எரிக்கிறார்களா? அதை நிறுத்த என்ன செய்யலாம்?
உங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சு இரைக்கிறதா? இன்றைக்கு நோட்டில் எழுதும் முதல் வரி என்ன?